சேத்துப்பட்டில் கேட்கப்படாத கேள்வி

1956-இல் மெட்ராஸில் ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியானால், அவர் போய்ச் சேர வேண்டிய இடம் சானடோரியம் என்பதில் டாக்டர்களுக்குச் சந்தேகமே கிடையாது. ஊருக்கு வெளியே மரமும் காற்றும் உள்ள வளாகம், மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு, பால், முட்டை, இறைச்சி என்று நிறைவான சாப்பாடு. 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்துக்குப் பக்கத்தில் தொடங்கிய சானடோரியத்தைப் பின்னர் அரசு ஏற்று நடத்தியது. அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான்.

நாட்டில் இருந்த நோயாளிகள் அத்தனை பேருக்கும் இப்படி இடம் கொடுக்க முடியுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., 1955-இலிருந்து 1958 வரை நாடு தழுவிய மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் பேருக்கு நுரையீரலில் காசநோயின் தடம் தெரிந்தது. நகரத்து நோய் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். கிராமத்திலும் அதே அளவுக்கு இருந்தது. நோயாளிகள் பல லட்சம், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். சானடோரியம் கட்டிக்கொண்டே போனால் ஒரு தலைமுறை இறந்து முடிந்திருக்கும்.

இதற்கிடையில் மருந்துகள் வந்துவிட்டன. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும், பி.ஏ.எஸ். என்ற மருந்தும் வந்தன. 1952-இல் மலிவான, வாயால் விழுங்கக்கூடிய ஐசோனியசிட் மாத்திரை வந்தது. மாத்திரை கிருமியைக் கொல்லுமென்றால் நோயாளி படுத்திருக்கும் கட்டில் எங்கே இருந்தால் என்ன? இந்தியாவின் சுகாதாரத் துறைக்கு அன்று இதைவிட அவசரமான கேள்வி இருக்கவில்லை. அதற்கு விடை தேடத்தான் 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்தது அது. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுவது இந்த மையம்தான்.

இந்திய அரசுக்கு அப்போது காசநோய் ஆலோசகராக இருந்த டாக்டர் பி.வி.பெஞ்சமின், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் சானடோரியத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர். வாழ்நாள் அனுபவம் முழுவதும் சானடோரியத்தில் பெற்ற ஒருவர் ஆலோசகராக இருந்த காலத்திலேயே, சானடோரியம் தேவைதானா என்று சோதித்துப் பார்க்க ஓர் அரசு முன்வந்தது. அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். அனுபவசாலிகளின் கருத்தைக் கேட்டு அதோடு முடிவெடுத்திருக்கலாம். பெரும்பாலான அரசுகள் பெரும்பாலான சமயங்களில் அதைத்தான் செய்கின்றன.

சோதனை நடந்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையில் பிரித்தார்கள். டாக்டரிடம் விட்டிருந்தால் மிகவும் முடியாதவர்களைச் சானடோரியத்துக்கும் தேறக்கூடியவர்களை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார். கடைசியில் வீட்டு வைத்தியமே மேல் என்ற பொய்க் கணக்கு வந்திருக்கும். இரண்டு குழுவுக்கும் மருந்து ஒன்றே, ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் பன்னிரண்டு மாதம்.

வீட்டிலிருந்தவர்கள் வாரம் ஒருமுறை சேத்துப்பட்டுக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். பி.ஏ.எஸ். குமட்டும், வயிற்றைப் புரட்டும். அதைக் கைநிறைய விழுங்க வேண்டும். உண்மையாகவே விழுங்குகிறார்களா? சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மீதியிருக்கும் மருந்தை எண்ணுவார்கள். சிறுநீரை வாங்கிச் சோதிப்பார்கள். பி.ஏ.எஸ். சாப்பிட்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தால் நிறம் மாறும். நோயாளியின் வார்த்தையை நம்பாமல் இதைச் செய்யவில்லை. ஒரு நாட்டின் கொள்கை இந்த எண்களின்மேல் நிற்கப்போகிறது என்பதால்தான் இத்தனை கறார்.

ஏன் இரண்டு மருந்து? நுரையீரலில் நோய் அரித்த ஒரு குழிக்குள் பத்துக் கோடிக் கிருமிகள்வரை இருக்கும். தற்செயலான மரபணு மாற்றத்தால், பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஒரு கிருமி ஐசோனியசிட்டைக் காணும் முன்பே அதற்கு மசியாததாக இருக்கும். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து, மசியாத நூறு மட்டும் தப்பும். சில மாதத்தில் அந்த நூறும் பெருகி நுரையீரலை நிறைக்கும், பிறகு அந்த மருந்து பயன்படாது. இரண்டு மருந்துக்கும் ஒருசேர மசியாத கிருமி வேண்டுமென்றால் பத்து லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்க வேண்டும், அதாவது லட்சம் கோடியில் ஒன்று. ஒரு மனித நுரையீரலில் அத்தனை கிருமிகள் இருக்க இடமில்லை. கூட்டு மருந்து சிகிச்சை முழுவதும் இந்தப் பெருக்கல் கணக்கில்தான் நிற்கிறது. மருந்தை அரைகுறையாக விழுங்குவது ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

1959-இல் முடிவு வெளியானது. ஓராண்டுக்குப் பிறகு சளியில் கிருமி இல்லாமல் தேறியவர்கள் சானடோரியக் குழுவில் 92 சதவீதம், வீட்டுக் குழுவில் 86 சதவீதம். ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோதும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நோயாளியை வீட்டில் வைத்திருந்தால் குடும்பத்துக்கே பரவும் என்ற பயம் இருந்ததே, அதையும் எடை போட்டுப் பார்த்தார்கள். குடும்பத்தினரை ஐந்தாண்டு கண்காணித்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் உறவினருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. காரணம் எளிது. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே பரவ வேண்டியது பரவிவிடுகிறது. மருந்து உள்ளே போக ஆரம்பித்ததும் பரவும் சக்தி வேகமாகக் குறைந்துவிடுகிறது.

உலகம் முழுவதும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டதற்குச் சேத்துப்பட்டு ஒரு முக்கியக் காரணம். ஏழை நாட்டின் கேள்விக்குக் கிடைத்த விடையைப் பணக்கார நாடுகளும் எடுத்துக்கொண்டன. இந்திய அரசின் நடவடிக்கையும் வேகமாக இருந்தது. 1959-இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் அமைந்தது, 1962-இல் தேசிய காசநோய்த் திட்டம் உருவானது.

அந்தப் பெங்களூர் நிறுவனம் செய்த ஒரு வேலையை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. கிராமத்து மக்களுக்கு நோயின் அறிகுறி தெரியாது, டாக்டரிடம் வரமாட்டார்கள், வண்டியில் எக்ஸ்ரே கருவியை ஏற்றிக்கொண்டு நாம்தான் ஊர் ஊராகப் போக வேண்டும் என்று நிபுணர்கள் நம்பியிருந்தார்கள். தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் நோயாளிகளிடமே போய்க் கேட்டார்கள். பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நன்றாகவே தெரிந்திருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே மருத்துவமனைக்குப் போயும் இருந்தார்கள். அங்கே அவர்களின் சளியை யாரும் சோதிக்கவில்லை. இருமல் மருந்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். குறை மக்களிடம் இருக்கவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தது. அதனால்தான் தேசியத் திட்டம் காசநோய் சிகிச்சையைத் தனிப்படையாக வைக்காமல் பொது சுகாதார நிலையங்களோடு சேர்த்தது. அரசுக்குக் கிடைத்த அறிவியல் ஆலோசனைகளில் மிக நேர்மையான ஒன்று என்று இதைச் சொல்வேன், ஆலோசனை கேட்டவரையே குற்றம் சொன்னதால்.

இனி, இந்தக் கதையில் சறுக்கல் நேர்ந்த இடத்துக்கு வருவோம்.

சேத்துப்பட்டுக் குழு நோயாளிகளின் சாப்பாட்டையும் கணக்கெடுத்திருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் நன்றாகக் கூடியது. வீட்டிலிருந்தவர்களின் சாப்பாடு பெரும்பாலும் சோறுதான். புரதம் குறைவு, உடலுழைப்பு அதிகம், எடையும் அவ்வளவாக ஏறவில்லை. அப்படியிருந்தும் கிருமி போய்விட்டது. 1961-இல் சி.வி.ராமகிருஷ்ணன் முதலியோர் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்கள். மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால், ஓராண்டில் நோய் அடங்குவதற்கு நிறைவான சாப்பாடு கட்டாயமில்லை என்பது அதன் முடிவு. அந்த முடிவு சரிதான்.

ஆனால் பிறகு வந்த காலத்தில் இந்த வாக்கியத்திலிருந்து ‘மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால்’ என்பதும் ‘ஓராண்டில் நோய் அடங்குவதற்கு’ என்பதும் உதிர்ந்துபோயின. காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை என்பதே கொள்கை வகுப்பவர்கள் மனதில் மிஞ்சியது. பணமில்லாத அரசுக்கு இது வசதியான செய்தியும்கூட. மாத்திரை மலிவு, பருப்பும் முட்டையும் மலிவில்லை. பல ஆண்டுகள் தேசியத் திட்டத்தில் மருந்துக்கும் சளிப் பரிசோதனைக்கும் இருந்த இடம் உணவுக்கு இருக்கவில்லை.

சேத்துப்பட்டு கேட்ட கேள்வி, நோய் வந்தவர் எங்கே படுத்தால் குணமாவார் என்பது. நல்ல சாப்பாடு இருந்தால் அதே வீட்டில் அடுத்தவருக்கு நோய் வராமல் இருக்குமா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. சானடோரியத்துப் பாலும் முட்டையும் நோயாளிக்குத்தான் போயின. வீட்டிலிருந்த மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர் என்ன சாப்பிட்டார்கள் என்பது ஆய்வு மாற்றிப் பார்த்த விஷயமில்லை. எனவே குடும்பத்தினரைப் பற்றிய அந்த ஐந்தாண்டுக் கணக்கால், உணவு நோயைத் தடுக்குமா தடுக்காதா என்று எதுவும் சொல்லியிருக்க முடியாது. கேட்காத கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதிலை நாமே எழுதிக்கொண்டோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்த வேறுபாடு துலங்கும். காசநோய்க் கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. 2019-இலிருந்து 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 15 வயதைத் தாண்டிய இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்தத் தொற்று உண்டு. அவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாக வெடிக்கிறது. மற்றவர்களிடம், நோய் எதிர்ப்பு அணுக்கள் கிருமியைச் சுற்றி வளைத்து ஒரு சிறு முடிச்சாகக் கட்டி வைத்திருக்கின்றன. அந்தக் காவலுக்கு ஓயாமல் புதிய அணுக்கள் வேண்டும், அவற்றுக்குப் புரதமும் சத்தும் வேண்டும். உடம்பு மெலியும்போது முதலில் தளர்வது இந்தக் காவல்தான். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் ஒன்று குறைந்தால், நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதம் கூடுவதாகப் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு காட்டியது. மாத்திரை செய்வது வேறு வேலை. அது இருக்கும் கிருமியைக் கொல்கிறது. கொல்வதற்குச் சாப்பாடு அவ்வளவாகத் தேவைப்படாமல் இருக்கலாம். கட்டிக் காப்பதற்கு வேண்டும்.

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்க 2019 ஆகிவிட்டது. மங்களூரு யேனபோயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும், சேத்துப்பட்டு நிறுவனத்தோடும் தேசியத் திட்டத்தோடும் சேர்ந்து ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். 2,800 நோயாளிகளும் அவர்களின் வீட்டார் 10,345 பேரும் அதில் இருந்தார்கள். இந்த முறையும் குலுக்கல்தான். எல்லா நோயாளிகளுக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய், சத்து மாத்திரை கிடைத்தன. ஒரு குழுவில் மட்டும், நோயாளியோடு வாழும் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை தந்தார்கள். மற்றக் குழுவின் வீட்டாருக்கு அது கிடையாது.

2023 ஆகஸ்டில் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் மட்டும் பார்த்தால் குறைவு 48 சதவீதம். ஒரு தடுப்பூசி இந்த எண்களைக் காட்டியிருந்தால் நாடே கொண்டாடியிருக்கும். இது அரிசியும் பருப்பும் செய்த வேலை. நோயாளிகளிடமும் ஒன்று தெரிந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்கள் இறக்கும் வாய்ப்பு மிகவும் குறைவாக இருந்தது. ஆக, குணமாவதற்குச் சாப்பாடு பொருட்டில்லை என்ற பழைய முடிவைக்கூட, கடுமையாக மெலிந்து வருகிறவர்கள் விஷயத்தில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சேத்துப்பட்டு தந்த இன்னொரு விடைக்கும் இதே கதி நேர்ந்தது. மாத்திரையைத் தினமும் விழுங்க வைப்பது கடினம், கொஞ்சம் தேறியதும் நோயாளி நிறுத்திவிடுவார். ஆனால் ஒரு நாள் மருந்து பட்ட காசநோய்க் கிருமி, மருந்து விலகிய பிறகும் சில நாட்கள் பெருகாமல் முடங்கிக் கிடக்கும் என்று பரிசோதனைக் குழாயில் தெரிந்திருந்தது. அப்படியானால் பணியாளர் கண்ணெதிரே வாரத்துக்கு இரண்டு முறை கொடுத்தால் போதாதா? 1964-இல் வெளியான சென்னை ஆய்வு, போதும் என்று காட்டியது. பின்னாளில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இது ஒரு வேர். 1997-இல் இந்தியாவின் திருத்தப்பட்ட காசநோய்த் திட்டம், வாரம் மூன்று நாள் முறையை எடுத்துக்கொண்டது.

1964-இன் சென்னையில் எய்ச்.ஐ.வி. இல்லை, ஐசோனியசிட்டுக்கு மசியாத கிருமி இன்றைய அளவுக்குப் பரவவில்லை, ஒவ்வொரு வேளை மருந்தையும் ஆய்வுக்குழுவின் கறாரோடு கொடுத்தார்கள். நாடு தழுவிய திட்டத்தில் இந்த மூன்றும் மாறிவிட்டன. ஒரு வேளை தவறினாலே வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு மருந்து போய்விடுகிறது. 2010-இலேயே உலக சுகாதார நிறுவனம், முடிந்த இடத்திலெல்லாம் தினசரி கொடுக்கச் சொன்னது. இங்கே விஷயம் பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றம்வரை போய், 2017-இல்தான் நாடு முழுவதும் தினசரி முறை வந்தது. எய்ச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்த நோயாளிகளிடம் தினசரி முறையே மேல், அதில் மருந்துக்கு மசியாத கிருமி உருவாவதும் குறைவு என்று காட்டிய ஆய்வும் அதே சேத்துப்பட்டு நிறுவனத்திலிருந்துதான் வந்தது. தன் பழைய விடையைத் தானே திரும்பச் சோதிக்கும் நிறுவனம் கிடைப்பது பெரிய கொடுப்பினை. உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் தினசரி முறை இங்கே வர ஏழு ஆண்டும் ஒரு வழக்கும் தேவைப்பட்டதுதான் வருத்தம்.

பி.சி.ஜி. தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. 1950-களில் அதை எதிர்த்து ராஜாஜி சிறு நூலே எழுதினார். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிரம்மாண்டமான ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979-இல் சொன்னது. எதிர்பாராத முடிவு. ஆனாலும் அரசு ஊசியை நிறுத்தவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளை அது தடுக்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் இருந்தன. இங்கே கேள்வியையும் விடையையும் பிரிக்காமல் கையாண்டார்கள், அதனால் சரியாக முடிவெடுத்தார்கள்.

அறிவியல் ஆலோசனை அரசுக்குப் போய்ச் சேர இந்தியாவில் முறையான வழிகள் இருக்கின்றன. 1999-இல் மத்திய அரசுக்கு முதன்மை அறிவியல் ஆலோசகர் என்ற பதவி உருவாகி, அப்துல் கலாம் முதலில் அதில் அமர்ந்தார். சுகாதாரத்தில் ஐ.சி.எம்.ஆரின் தலைமை இயக்குநரே மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் செயலாளரும்கூட. ஆய்வு முடிவு கோப்பாக மாற இது உதவுகிறது, காலதாமதம் குறைகிறது. ஆனால் ஆலோசனை சொல்கிறவரும் நிர்வாகத்தில் இருப்பவரும் ஒரே நாற்காலியில் உட்காரும்போது, ‘இந்த விடைக்கு இவ்வளவுதான் எல்லை’ என்று உரத்துச் சொல்ல ஆள் குறைந்துவிடும் என்பது என் கவலை. பதவிகளும் குழுக்களும் எத்தனை இருந்தாலும், ஆய்வறிக்கையின் நிபந்தனைகள் கொள்கைக் கோப்பின் கடைசிப் பக்கம்வரை கூடவே போவதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும்.

கருவி உருவாக்கத்தில் நிபந்தனைகள் நல்லபடியாக வேலை செய்த உதாரணமும் இருக்கிறது. காசநோய்க் கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்கும் வெளிநாட்டுக் கருவி வந்தபோது, அதற்குத் தடையில்லாத மின்சாரமும் குளிர்ந்த அறையும் தேவைப்பட்டன. மின்வெட்டும் புழுக்கமும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது ஒத்துவராது. பேட்டரியில் ஓடும், தூசியும் சூடும் தாங்கும் கருவி வேண்டும் என்பதையே முதல் நிபந்தனையாக வைத்துப் பெங்களூருவிலும் கோவாவிலும் உருவானது ட்ரூநாட். ஐ.சி.எம்.ஆர். அதைச் சோதித்து ஏற்றது, 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. அதே ஆண்டு கோவிட் பரிசோதனைக்கும் அது கைகொடுத்தது.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ கருவிகூட அதிகம் கேட்கவில்லை. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். இறக்கும் நோயாளிகளில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்திலேயே இறக்கிறார்கள். யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சின் வேகம், விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு, பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து நிமிட வேலை. ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் படுக்க வைத்துச் சத்துணவோடு சிகிச்சை தருகிறார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு படுக்கையும் சாப்பாடும் திரும்பி வந்திருக்கின்றன, தேவைப்படுகிறவருக்கு மட்டும், தேவைப்படும் நாட்களுக்கு மட்டும். சேத்துப்பட்டு தந்த விடையோடு இது முரண்படவே இல்லை.

2019-இல் தொடங்கிய தேசியக் கணக்கெடுப்பு வேறு இரண்டு செய்திகளைச் சொன்னது. அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 43 சதவீதம் பேர் எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் தவறிப்போயிருப்பார்கள். தும்கூர் ஆய்வு வந்த காலத்தில், மக்கள் தாமே வருகிறார்கள், ஆஸ்பத்திரியைச் சரிசெய்யுங்கள் என்பது சரியான ஆலோசனை. இன்று அது மட்டும் போதாது. அதனால்தான் 2024 டிசம்பரில் தொடங்கிய நூறு நாள் இயக்கத்தில் கையடக்க எக்ஸ்ரே கருவிகளோடு ஆட்கள் ஊருக்குள் போனார்கள்.

2023-இல் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 28 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்ததாக மதிப்பீடு. இது உலகக் கணக்கில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். மூன்று லட்சம் பேருக்கும் மேல் இறந்தார்கள். 2025-க்குள் ஒழிப்பது என்ற இலக்கு எட்டப்படவில்லை.

உணவு விஷயத்தில் அரசு அசைந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2018-இலிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போடப்பட்டது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். மிகவும் மெலிந்தவர்களுக்குச் சத்து மாவு போன்ற கூடுதல் உணவும் உண்டு. வீட்டாருக்கு? நன்கொடையாளர்கள் முன்வந்து தத்தெடுத்தால் உணவுப் பை கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. இங்கேதான் ஜார்க்கண்ட் ஆய்வை இன்னொரு முறை படிக்க வேண்டியிருக்கிறது. அதில் நோயாளியின் உணவு இரண்டு குழுவுக்கும் பொது. 39 சதவீதக் குறைவு வந்தது வீட்டாருக்கும் கொடுத்ததால். நோயாளிக்கு உரிமையாகவும் வீட்டாருக்கு யாராவது கொடுத்தால் பார்க்கலாம் என்றும் இருக்கும் இன்றைய ஏற்பாடு, அந்த ஆய்வில் நோய் அதிகமாக வந்த குழுவின் நிலைமைக்குத்தான் நெருக்கமானது.

இதைச் சரிசெய்யத் தமிழ்நாட்டுக்கு மற்ற மாநிலங்களைவிட வசதி அதிகம். இங்கே ரேஷனில் அரிசி விலையில்லாமல் ஏற்கெனவே வீடு போய்ச் சேர்கிறது. குறைவது பருப்பு. ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு மானிய விலையில் கிடைக்கிறது. ஆய்வில் கொடுத்த அளவின்படி, நோயாளி தவிர நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆறு கிலோ வேண்டும். நோயாளியின் பெயர் அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்ஷயில் ஏறும் அன்றே அவருடைய குடும்ப அட்டைக்குக் குறையும் ஐந்து கிலோவைச் சேர்த்து ஒதுக்கலாம். சிகிச்சை நடக்கும் மாதங்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். புதுத் துறையோ புது அட்டையோ தேவையில்லை. மாவட்டக் காசநோய் அலுவலரிடம் இருக்கும் பட்டியல், வழங்கல் அலுவலரின் கணினிக்குப் போக வேண்டும்.